முகத்தைச் சுற்றி ஓர் ஆரஞ்சு வட்டம்

அத்தியாயம் 5

"என்னை மூணு தடவை சுட்டுட்டாங்க மேடம்!" என்று அலறியவரின் உடம்பில் ஒரு கீறல்கூட இல்லை.

தவறு. ஒரு கீறல் இருந்தது. இடது கட்டை விரலில் வெள்ளை பிளாஸ்திரி சுற்றியிருந்தார். அது வலை கட்டும்போது கம்பி கிழித்தது என்று கேட்காமலே சொல்லிவிட்டார்.

"மூணு குண்டு வாங்கியும் நின்னு பேசறீங்களே சார், பெரிய விஷயம்," என்றான் கமா. "நானா இருந்தா ஒண்ணுக்கே லீவு போட்டிருப்பேன்."

கமா என்பது அவனுடைய பட்டப்பெயர். எந்த வாக்கியத்துக்கும் முற்றுப்புள்ளி வைக்க மனம் வராதவன் என்பதால் வந்தது. முப்பத்தைந்து வயது, முன்வழுக்கை, அபார ஞாபகசக்தி. இந்த மூன்றையும் வைத்துக்கொண்டு மேடத்திடம் உதவியாளனாக இருந்தான். மேடம், இருபது வருடம் இன்சூரன்ஸ் கம்பெனியில் விபத்துகளைச் சரிபார்த்தவர். நசுங்கிய காரை ஒரு சுற்று சுற்றி வந்தால் போதும், ஓட்டியவர் சொன்ன கதை எந்த இடத்தில் ஒட்டுப்போடப்பட்டது என்று சொல்லிவிடுவார். அந்த வேலையை விட்டுவிட்டுத் தனியாகத் துப்பறியத் தொடங்கி மூன்று வருடமாகிறது.

எதிரே நின்றவர் போன வருடம்வரை மெத்தை வியாபாரி. மெத்தை விற்கவில்லை. "ஜனங்களுக்குத் தூக்கம் வேண்டாமாம், துடிப்பு வேணுமாம்" என்று முடிவு கட்டி, மெத்தைக் கிடங்கையே பெயின்ட்பால் மைதானமாக மாற்றிவிட்டார். காற்றுத் துப்பாக்கியால் சாயப் பந்துகளைச் சுட்டு விளையாடும் இடம். பச்சையும் பழுப்புமாய் இலைபோட்ட சட்டை, இடுப்பில் விசில், தலையில் தொப்பி. வேலைக்காரர்கள் அவரை ஜெனரல் என்று கூப்பிட்டார்கள். கூப்பிடும்படி அவர்தான் சொல்லியிருந்தார்.

"ஞாயித்துக்கிழமை பத்து மணிக்குத் திறப்பு விழா. இன்னிக்கு வெள்ளி. முதல் ஆட்டமே என் பொண்ணும் அவ கிளாஸ் பிள்ளைங்களும்தான், இருபத்திரண்டு பேர். அதுக்குள்ள ஆளைப் பிடிச்சாகணும். இல்லேன்னா பிள்ளைங்க கண்ணு முன்னாலயே என்னைத் தீர்த்துடுவான்."

"சரி, சம்பவம் நடந்த இடத்தைக் காட்டுங்க," என்றார் மேடம்.

"மாஸ்க் இல்லாம உள்ள ஒரு அடி வைக்கக்கூடாது. அது என் சட்டம்."

நுழைவாயிலை ஒட்டிய சுவரில் இருபத்து நாலு கொக்கிகள். கண்ணிலிருந்து தாடை வரை மூடும் கறுப்பு மாஸ்க்குகள் வரிசையாகத் தொங்கின. ஒரே அச்சில் வார்த்தவை போல இருந்தன. ஒரு கொக்கி மட்டும் காலி. கழுவப் போயிருக்கும் என்றார் ஜெனரல். ஒரு மாஸ்க்கை எடுத்து, கண்ணாடியில் நகத்தால் தட்டினார், திரும்ப மாட்டினார். இன்னொன்றை எடுத்துத் தட்டினார், மேடத்திடம் நீட்டினார். கமாவுக்குக் கைக்கெட்டியதை எடுத்துக் கொடுத்தார். இருவரும் மாட்டிக்கொண்டார்கள். அவருடைய சொந்த மாஸ்க் சிவப்பு. அது அவர் தோளிலேயே தொங்கியது.

"பார்த்தீங்களா மேடம், உங்களுக்குத் தட்டிக் குடுத்தாரு, எனக்கு எடுத்துக் குடுத்தாரு," என்று முணுமுணுத்தான் கமா. "சம்பளத்துலதான் வித்தியாசம்னு நினைச்சேன், மரியாதையிலுமா?"

உள்ளே கூரை உயரமாக, விளக்குகள் பளீரென்று இருந்தன. நாலு பக்கமும் வலை. நடுவே ஒளிந்துகொள்ளச் சுவர் போல நிறுத்தியிருந்தவை எல்லாம் மெத்தைகள். சிலவற்றில் 'பத்து ஆண்டு உத்தரவாதம்' என்ற சீட்டு இன்னும் தொங்கியது.

"சும்மா அந்தக் கோட்டுல நில்லுங்க தம்பி. வலிக்குதான்னு பார்க்கலாம்." கமா யோசிப்பதற்குள் ஜெனரல் துப்பாக்கியைத் தூக்கிச் சுட்டார். 'டப்'. கமாவின் வலது தோளில் ஆரஞ்சு நிறம் வெடித்துச் சிதறியது.

"வலிக்குதா?"

"வலி பரவாயில்ல சார். சட்டைதான் என் கல்யாண நாளுக்கு வீட்ல வாங்கிக் குடுத்தது, அவ கேட்டா உங்களைத்தான் கை காட்டுவேன்."

"தண்ணியில போயிடும். உள்ள இருக்கிறது கரையற சாயம், மேல மெல்லிசான தோல். கோலிக்குண்டு சைஸ்தான். ஆனா வேகம் எக்கச்சக்கம்."

மண்டபத்தின் மறுகோடியில், ஆளுயரப் பேனர். அதில் ஜெனரலின் படம், மார்புக்கு மேல் துப்பாக்கியை அணைத்தபடி. தலைக்கு மேலே கொட்டை எழுத்தில்: 'உங்கள் பாதுகாப்பு, என் பொறுப்பு!' பொறுப்பேற்றவரின் வலது கண்ணிலிருந்து ஆரஞ்சு வழிந்து, மீசையைத் தாண்டிக் காய்ந்துபோயிருந்தது.

"இது நேத்து காலையில," என்றார் ஜெனரல், குரலைத் தாழ்த்தி. "அதுக்கு முந்தின ரெண்டு நாளும் இப்படி. அதைத் துடைச்சுட்டோம்." போனைக் காட்டினார்.

செவ்வாயன்று எடுத்த படத்தில் முகத்தில் சாயமே இல்லை. முகத்தைச் சுற்றித்தான் ஆரஞ்சு வட்டம். மீசைமேல் மட்டும் மெல்லிய மூன்று கோடுகள். புதன்கிழமைப் படமும் அச்சு அசல் அதேதான்.

"புரியுதா மேடம்? முதல்ல வட்டம் போடறான். உன்னைக் குறி வச்சிட்டேன்னு அர்த்தம். மூணு கோடு, மூணு நாள் கெடு. மூணாவது நாள் கண்ணுல அடிச்சிட்டான். சினிமாவுல பார்த்ததில்லையா?"

"வில்லன் ரொம்ப நிதானமான ஆளு," என்றான் கமா. "கெடு குடுத்து, வட்டம் போட்டு, கோடு போட்டு. ஸ்கேல் வச்சுப் போட்டிருப்பானோ?"

மேடம் போனைப் பேனருக்குப் பக்கத்தில் பிடித்துப் பார்த்தார். வட்டத்தின் வெளிப்பக்கம் சிதறல்; உள்விளிம்பு கத்தரித்தது போல நேராக இருந்தது. நெற்றியில் அகலம், தாடையில் குறுகல். பிறகு படத்தின் காதோரம் குனிந்தார். இரண்டு காதுக்குப் பக்கத்திலும் ஒவ்வொரு துண்டு வெள்ளை பிளாஸ்திரி.

"அது பேனர் கட்டினவன் ஒட்டினதா இருக்கும்," என்றார் ஜெனரல்.

"பேனரை ஆணியால அடிச்சிருக்காங்க," என்றார் மேடம். "காலையில இங்க முதல்ல வர்றது யார்?"

ஜெனரல் அந்தக் கேள்விக்காகவே காத்திருந்தவர் போல நிமிர்ந்தார். "என் மச்சான். என் சம்சாரத்தோட தம்பி. சாவி அவன்கிட்டதான் இருக்கு. தொழில்ல பங்காளியும்கூட. இந்த இடத்தைப் பேட்மின்டனுக்கு விடலாம்னு ஒத்தைக் கால்ல நின்னான். நான் கேக்கல. அவன்தான் மேடம், எழுதி வச்சுக்குங்க."

மைத்துனன் பின்கட்டில், துப்பாக்கிகளுக்குக் காற்று அடைக்கும் இயந்திரத்தின் பக்கத்தில் எண்ணெய்க் கையோடு உட்கார்ந்திருந்தான். குற்றச்சாட்டைக் கேட்டதும் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தான்.

"மாமா, உங்களைச் சுடணும்னா நேர்லயே சுட்டிருப்பேனே. தினம் பன்னெண்டு மணி நேரம் என் முன்னாலதானே நிக்கறீங்க? பேனர் எதுக்கு?"

"பாருங்க மேடம், வாயாலயே ஒத்துக்கிட்டான்!"

"சாவி உங்ககிட்ட மட்டும்தானா?" என்றார் மேடம்.

மைத்துனன் கண் இமைத்தான். ஒரு கணம் மாமாவைப் பார்த்தான், பிறகு தரையை. "என்கிட்டதான் இருக்கு."

"அதைக் கேக்கல. மட்டும்தானான்னு கேட்டேன்."

இயந்திரம் 'புஸ்' என்றது. மைத்துனன் அதைவிட நீளமாக மூச்சு விட்டான்.

மேடம் ஜெனரலின் பக்கம் திரும்பினார். "கையைக் கொஞ்சம் காட்டுங்க."

"என் கையா? ஜோசியமா பார்க்கப் போறீங்க?"

"கட்டை விரலை."

ஜெனரல் நீட்டினார். பிளாஸ்திரி அழகாகச் சுற்றப்பட்டிருந்தது. அதன் முனை மட்டும் அரை விரற்கடை உள்பக்கமாக மடிக்கப்பட்டிருந்தது. பிரிக்கும்போது நகத்தால் சுரண்டித் தேட வேண்டாம், மடிப்பைப் பிடித்து இழுத்தால் வந்துவிடும்.

"பேனர்ல ஒட்டியிருக்கிற ரெண்டு துண்டுலயும் இதே மாதிரி முனை மடிச்சிருக்கு. பேனர் கட்டறவங்க பல்லால கடிச்சு ஒட்டிட்டுப் போவாங்க. இது ஒரு நாளைக்கு அம்பது தடவை ஒட்டிப் பிரிக்கிற கை. இந்தக் கட்டைப் போட்டது யாரு?"

ஜெனரல் கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார்.

"என் சம்சாரம். கண் ஆஸ்பத்திரியில நர்ஸு."

"வில்லன் வீட்லயே சமைச்சுப் போட்டுக்கிட்டு இருக்காரு," என்றான் கமா. "சார், இன்னிக்கு மதியம் என்ன சாப்பிட்டீங்க, வயித்துல ஏதாவது..."

"கமா."

"சரி மேடம்."

மைத்துனன் போனை எடுத்தான். "அக்கா, கிளம்பி வா. கண்டுபிடிச்சிட்டாங்க."

இருபது நிமிடத்தில் அவர் வந்தார். நைட் ட்யூட்டிக்குக் கிளம்பிய கோலம். வெள்ளைச் சீருடை, தோளில் பெரிய பை. மண்டபத்துக்குள் நுழையும் முன் கணவருடைய கட்டை விரலைப் பார்த்தார். "நனைச்சீங்களா?" என்றார். கொலை முயற்சி செய்தவர் கேட்கிற கேள்வியாக அது இல்லை.

"நீ... நீயா என்னைச் சுட்டே?"

"உங்களை எங்க சுட்டேன்? மாஸ்க்கைச் சுட்டேன்."

மேடம் மெல்லத் தலையாட்டினார். சுவரிலிருந்து ஒரு மாஸ்க்கை எடுத்துவந்து பேனர் முகத்தின்மேல் வைத்தார். போன் படத்திலிருந்த வட்டத்தின் உள்விளிம்பும் மாஸ்க்கின் ஓரமும் நெற்றியிலிருந்து தாடைவரை பொருந்தின. மூச்சு விட வாய்ப்பக்கம் வெட்டியிருந்த மூன்று பிளவுகளும் மீசைக்கு நேராக நின்றன.

"முகத்துல சாயம் படாததுக்குக் காரணம், முகத்தை ஏதோ மறைச்சிருந்தது. வட்டமும் இல்ல, கெடுவும் இல்ல. செவ்வாயும் புதனும் மாஸ்க் தாங்கிச்சு. சாயம் ஓரமா சிதறிச்சு. வியாழக்கிழமை தாங்கல. அதனாலதான் கண்ணுல பட்டிருக்கு. கொக்கியில ஒண்ணு குறையுது. எங்கம்மா அது?"

நர்ஸ் பையைத் திறந்து, துணியில் சுற்றியதை எடுத்துப் பிரித்தார். கறுப்பு மாஸ்க். வலது கண்ணின் இடத்தில் கண்ணாடி நட்சத்திரமாக உடைந்து, ஒரு சில்லு உள்பக்கமாக நீட்டிக்கொண்டிருந்தது.



"போன மாசம் எங்க வார்டுல ஒருத்தர் வந்தார்," என்றார் நர்ஸ். "வேற எங்கயோ இதே ஆட்டம் ஆடப் போனவர். இப்ப ஒரு கண்ணுலதான் பேப்பர் படிக்கிறார். அன்னிக்கே இவர்கிட்ட கேட்டேன், மாஸ்க்கெல்லாம் நல்லதுதானேன்னு. ஒண்ணாம் நம்பர்னார். ஞாயித்துக்கிழமை என் பொண்ணு போடப்போறது. நைட் ட்யூட்டி முடிஞ்சு போற வழியில தம்பிகிட்ட சாவி வாங்கி, தினம் ஒண்ணை மாட்டிச் சுட்டுப் பார்த்தேன்."

"குறி தப்பவே இல்லையே அக்கா?" என்றான் கமா வியப்புடன்.

"பச்சக் குழந்தைக்கு நரம்பு தேடி ஊசி போடற கை இது. இவர் மூஞ்சி என்ன பெரிசா."

"என்கிட்ட சொல்ல வேண்டியதுதானே!" என்றார் ஜெனரல்.

"சொன்னா கேட்டுடுவீங்க! சமையல்கட்டுல குழாய் ஒழுகுதுன்னு நாலு வருஷமா சொல்றேன். நேத்து சாயங்காலம் இதைக் கையில எடுத்துக்கிட்டுத்தான் வந்தேன். நீங்க போன்ல 'துப்பறியறவங்களை வரச் சொல்லியிருக்கேன்'னு கத்திக்கிட்டு இருந்தீங்க. சரி, வெளியாள் வந்து சொன்னாத்தான் உங்களுக்குக் காது கேக்கும்னு விட்டுட்டேன்."

"மாட்டறதுக்குச் சுவரு இல்லையா, வலை இல்லையா? என் மூஞ்சிதான் கெடைச்சுதா?"

"உயரம் சரியா இருந்துச்சு," என்றார் நர்ஸ். சற்று யோசித்து, "மனசுக்கும் கொஞ்சம் லேசா இருந்துச்சு," என்றார்.

மைத்துனன் சட்டென்று திரும்பி வலையை ஆராயத் தொடங்கினான். அவன் தோள் குலுங்கியது.

ஜெனரல் உடைந்த மாஸ்க்கைக் கையில் வாங்கிப் பார்த்தார். தலையில் அடித்துக்கொண்டார். "ஏமாத்திட்டான்! சப்ளையர் ஏமாத்திட்டான் மேடம்! எவ்வளவு நம்பினேன் அவனை! ஒரு கோளாறான பீஸை நடுவுல சொருகிட்டான். நல்லவேளை, அது ஒண்ணுதான். மத்த இருபத்து மூணும் பத்தரைமாத்துத் தங்கம்."

"அப்படியா? எப்படித் தெரியும்?"

"என் கண்ணால பார்த்து வாங்கினது மேடம். என் பொண்ணு விளையாடற இடம். நான் விட்டுடுவேனா?"

"அப்ப கேஸ் முடிஞ்சது," என்று மேடம் தன் மாஸ்க்கைக் கழற்றிக் கொக்கியில் மாட்டினார். கமா ஏமாற்றத்துடன் பார்த்தான். அவனுடைய மாஸ்க் நெற்றிக்கு மேல் தொப்பி போல ஏறியிருந்தது. மேடம் அவன் காதில் ஏதோ சொன்னார். அவன் சுவரோரம் போய், சீட்டுக் கலைப்பது போல மாஸ்க்குகளைக் கொக்கி மாற்றி மாட்டிவிட்டு வந்தான்.

"கடைசியா ஒரே ஒரு சோதனை," என்றார் மேடம். "ஞாயித்துக்கிழமை பிள்ளைங்களை அனுப்பற அப்பா அம்மாவுக்கு ஒரு நம்பிக்கை வேணும்ல. நீங்களே ஒண்ணை மாட்டிக்கிட்டுப் பேனர் முன்னால நில்லுங்க. உங்க சம்சாரம் சுடட்டும். ஒரே ஒரு குண்டு. இவங்க குறி தப்பாதுன்னு நமக்குத் தெரியும்."

"தாராளமா!" ஜெனரல் தோளிலிருந்த சிவப்பு மாஸ்க்கை எடுத்தார்.

"அது வேண்டாம். பிள்ளைங்க போடறதுல ஒண்ணு. எதுவா இருந்தா என்ன, எல்லாம் தங்கம்தானே."

நர்ஸ் துப்பாக்கியை எடுத்துக்கொண்டு கோட்டில் போய் நின்றார். ஜெனரல் சுவரை நோக்கி நடந்தார். கம்பீரமாகத்தான் நடந்தார். முதல் மாஸ்க்கை எடுத்தார். விரல் தானாக மடிந்தது. நகம் கண்ணாடியைத் தொட்டது.

'டிக்.'

திரும்ப மாட்டினார். அடுத்தது. 'டிக்.' மாட்டினார். அதற்கடுத்தது. 'டிக்.' சந்தையில் தர்பூசணி வாங்குகிறவர் போலத் தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தார். உலகமே மறந்துபோயிருந்தது. நாலாவது, ஐந்தாவது. ஆறாவதில் சத்தம் மாறியது. 'தொப்.' கனமான, மந்தமான சத்தம். முகம் மலர்ந்தது. அதை மாட்டிக்கொண்டு திரும்பினார்.

நான்கு பேரும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். துப்பாக்கி தரையைப் பார்த்தது. நர்ஸ் அதை எப்போதோ தாழ்த்தியிருந்தார்.

"எங்கப்பன் குதிருக்குள்ள இல்லைன்னு கேள்விப்பட்டிருக்கேன்," என்றான் கமா. "குதிரைத் தட்டிக் காட்டி 'இல்லை'ன்னு சொன்ன ஆளை இன்னிக்குத்தான் பார்க்கிறேன்."

"எதுவா இருந்தா என்னன்னு கேட்டேன்," என்றார் மேடம். "அஞ்சு உங்களுக்குப் பிடிக்கல. எல்லாமே நல்லதுன்னு நம்பறவர் எதுக்குத் தட்டணும்? சப்ளையர்கிட்ட ஏமாந்தவருக்கு எது நல்லது, எது கெட்டதுன்னு சத்தத்துலயே எப்படித் தெரியும்?"

மாஸ்க்குக்குள்ளிருந்து குரல் வந்தது. மிகவும் சின்னக் குரல். "நல்லது எட்டுதான் வாங்கினேன். இன்சூரன்ஸ்காரர் வந்தா காட்டறதுக்கு. மத்ததெல்லாம் பைக்ல போறவங்க தூசிக்குப் போடறது. கலந்து மாட்டிட்டா யாருக்குத் தெரியப் போகுது? பார்க்கறதுக்கு ஒரே மாதிரிதானே இருக்கு?"

"பார்க்கறதுக்குக் கண்ணு இருக்கணும்ல?" என்றார் நர்ஸ்.

அவர் கத்தவில்லை. வார்டில் பார்வையாளர் நேரம் முடிந்தது என்று சொல்கிற அதே குரல்.

"நம்ம பொண்ணுக்கு நான் நல்லதாத்தான் பார்த்து எடுத்து வச்சிருப்பேன்..."

"தட்டியா? மத்த இருபத்தோரு பிள்ளைங்களுக்கு?"

ஜெனரல் மாஸ்க்கைக் கழற்றினார். கழற்றியதும், முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாதவர் போலப் பேனரைப் பார்த்தார். அங்கே 'உங்கள் பாதுகாப்பு, என் பொறுப்பு' என்று அவரே, ஒரு கண்ணில் ஆரஞ்சு வழிய, சிரித்துக்கொண்டிருந்தார்.

"தம்பி," என்றார் நர்ஸ், "வகுப்பு டீச்சருக்குப் போன் போட்டு ஞாயித்துக்கிழமை இல்லைன்னு சொல்லிடு. மாஸ்க் முழுக்க வரட்டும். ஒவ்வொண்ணா இங்க மாட்டி நான் சுட்டுப் பார்ப்பேன். இருபத்து நாலும் தாங்கினப்புறம்தான் திறப்பு விழா."

"பேனர் தாங்குமாக்கா?" என்றான் மைத்துனன்.

"பேனர் எதுக்கு? அந்தக் குழாயைச் சரி பண்ணலேன்னா ஆளையே நிக்க வைக்கறேன்." பிறகு கணவரிடம் திரும்பினார். "தட்டத் தெரியுதில்ல? உக்காருங்க. நல்லது இடப்பக்கம், தூசிக்குப் போடறது வலப்பக்கம். நான் நின்னு பார்த்துட்டுத்தான் ட்யூட்டிக்குப் போவேன்."

ஜெனரல் தரையில் உட்கார்ந்து தட்டத் தொடங்கினார். டிக். டிக். தொப். டிக். மைத்துனன் ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தான். கமா கால்மேல் கால் போட்டு ஒரு மெத்தையில் சாய்ந்து, உற்சாகமாக எண்ணினான். இடப்பக்கம் எட்டு. வலப்பக்கம் பதினாலு.

"மொத்தம் இருபத்திரண்டுதான் வருது," என்றான். "இருபத்து நாலுல ஒண்ணு உடைஞ்சு அக்கா பையில இருக்கு. அப்ப இருபத்து மூணு வரணும். எங்கயோ கணக்கு உதைக்குதே சார், இன்னொண்ணையும் பதுக்கிட்டீங்களா, எங்க..."

நான்கு பேரும் அவன் நெற்றிக்கு மேலே பார்த்தார்கள்.

ஜெனரல் அவசரமாகத் தரையைப் பார்த்தார். எட்டு நல்லதும் இடப்பக்கம் இருந்தன. மேடம் எழுந்து வந்து, கமாவின் தலையில் ஏறியிருந்த மாஸ்க்கை நகத்தால் ஒரு தட்டுத் தட்டினார்.

'டிக்.'

கமா தன் வலது தோளைத் தடவினான். ஆரஞ்சு காய்ந்து ஒட்டியிருந்தது. கட்டை விரலை அந்தக் கறையில் ஊன்றி, சுண்டு விரலை மேலே நீட்டினான். சரியாக ஒரு சாணில் அவன் கண் இருந்தது.

அவன் வாயைத் திறந்தான். ஒன்றும் சொல்லாமல் மூடிக்கொண்டான்.